கயிறு கட்டாத சிலை

அப்டன் பார்க்கில் நான் வேலை செய்த தமிழ்க் கடையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெள்ளைக்காரப் பெண் ஒருவர் தட்டில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தல்களை எல்லாம் வழித்தெடுத்துக் கூடைக்குள் போட்டார். உயரமான, தோள் அகன்ற பெண். நகக்கண்களில் வெள்ளைப் பொடி. தலைக்கு வைக்க எண்ணெய் வாங்க வந்து பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள். காசுப் பெட்டிக்குக் கிட்ட வரும்போது ஒரு போத்தல் உருண்டு விழுந்தது. அவர் வாய்க்குள் ஒரு வசை சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வியன்னாவின் சாப்பாட்டுக்கடைச் சமையலறைகளில் வருடக்கணக்காக நான் கேட்டு, வாங்கிக்கட்டி, பிறகு நானே திருப்பிக் கொடுக்கப் பழகிய வசை அது. லண்டனில், வெண்டிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் அதைக் கேட்பேன் என்று யார் நினைத்தது? வாய் சும்மா இருக்குமா? அதைவிட மோசமான ஒன்றை அதே மொழியில் எடுத்து விட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடை அதிரச் சிரித்தார்.

"இவ்வளவு எண்ணெய் எதற்கு?" என்று கேட்டேன். "மனிதர்களுக்குப் பூச" என்றார். அவர் சிற்பி என்பதும், ஒஸ்திரியாவிலிருந்து வந்து பக்கத்து ரயில் பாலத்தின் கீழே ஒரு வளைவறையை வாடகைக்கு எடுத்திருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆட்களின் கை, கால், முகங்களில் எண்ணெய் பூசி, அதன்மேல் எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் துணியைச் சுற்றி, காய்ந்ததும் கழற்றி அச்செடுப்பார். எண்ணெய் இல்லையென்றால் மயிரும் தோலும் சேர்ந்து வந்துவிடும். அடுத்த கிழமையே கடை ஷிப்ட் முடிந்ததும் அவரிடம் போய் பிளாஸ்டர் குழைக்கத் தொடங்கினேன். வியன்னாவில் முதலாளிப் பெண்ணை 'ஷெஃபின்' என்றுதான் கூப்பிடுவோம். அவரையும் அப்படியே கூப்பிட்டேன். கடைசிவரை அதுதான் பெயர்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் கோபம். ஷெஃபின் போன மாரியில் இறந்துபோனார். அவருடைய நாட்டுப் பத்திரிகைகள் சில அஞ்சலி எழுதின. திறமைசாலி, ஆனால் பிடிவாதம் பிடித்தவர், லண்டனில் தேடிவந்த நல்ல வாய்ப்பைத் தன் கையாலேயே உடைத்தவர் என்று ஒருவர் மாறி ஒருவர் எழுதினார்கள். உடைத்தாராம்! அன்றைக்கு அங்கே இவர்களில் ஒருவரும் இருக்கவில்லை. நான் இருந்தேன். என் சின்னம்மாவும் இருந்தார். நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு எங்களைவிட வேறு யார் இருக்கிறார்கள்?

ஷெஃபினின் தகப்பன் கல்லறைச் சிலுவைகள் செதுக்குகிறவர். மகளைச் சாந்து குழைக்க விட்டார், உளியைத் தொட விடவில்லை. பதினாறு, பதினேழு வயதில் மகள் வீட்டை விட்டுப் போய், பட்டணத்தில் கலியாணப் படம் பிடிப்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் மணப்பெண்களைப் படம் எடுப்பதும், மிச்ச நேரத்தில் களிமண்ணில் கை வைப்பதுமாகத் தானே சிற்பம் பழகினார். பேர் கொஞ்சம் வெளியே வந்தபிறகு, சொந்த ஊர்ச் சபை கூப்பிட்டு, போரில் செத்த சிப்பாய்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் கேட்டது. ஷெஃபின் சிப்பாய்களைச் செய்யவில்லை. அந்தச் சிப்பாய்களின் உடுப்பைத் தோய்த்த பெண்கள் மூன்று பேரை, குனிந்த முதுகோடு செய்து கொண்டுபோய் இறக்கினார். ஊர் கொதித்தது. இரவோடிரவாகச் சிலைகளைப் பெயர்த்து, தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் தொட்டால் சுணைக்கும் காஞ்சோண்டிப் பற்றைக்குள் எறிந்துவிட்டார்கள். ஷெஃபின் அழவுமில்லை, வழக்கும் போடவில்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு போய், பற்றைக்குள் கிடந்த அந்தப் பெண்களை அப்படியே படம் எடுத்தார். அந்தப் படங்கள்தான் அவரை ஐரோப்பா முழுவதும் தெரிந்த ஆளாக்கின.

அதற்குப் பிறகு அவருடைய வேலைமுறையே அதுவாகிவிட்டது. சிலை செய்வார். சனத்துக்கு நடுவில் கொண்டுபோய் வைப்பார். சனம் அதை என்ன செய்கிறதோ அதைப் படம் எடுப்பார். "நான் பாதி வேலைதான் செய்கிறேன், மிச்சப் பாதி ஊரின் வேலை" என்பார். யாராவது சிலையில் பெயர் கிறுக்கினால்கூட அழிக்க விடமாட்டார். நான் ஒருநாள் பழக்கதோஷத்தில் ஒரு சிலையின் தோளில் இருந்த தேத்தண்ணீர்க் கறையைத் துடைத்துவிட்டேன். அன்று அவர் போட்ட சத்தத்தில் மேலே போன ரயில் எனக்குக் கேட்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஆற்றின் தென்பக்கம் இருந்த ஒரு காட்சிக்கூடம் அவரைத் தேடி வந்தது. பல வருடங்களாக லண்டனில் அவரை எவரும் திரும்பிப் பார்க்காமல் இருந்த நேரம். முழுத் தளமும் அவருக்கு, வேலை செய்கிற பெண்களைப் பற்றி ஒரு கண்காட்சி. இது சரிவந்தால் வாழ்க்கை நிமிரும், சரிவராவிட்டால் வளைவறையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று அவரே என்னிடம் சொன்னார். பேருந்து ஓட்டும் பெண், மீன் வெட்டும் பெண், பாடசாலை வாசலில் பிள்ளைகளைத் தெருக்கடக்க விடும் பெண் என்று ஒவ்வொருவராகப் பிடித்து அச்செடுத்தோம். "இன்னும் ஒருத்தி வேண்டும். இரண்டு கையாலும் பாரம் தூக்குகிறவள்" என்றார். எனக்கு உடனே சின்னம்மா ஞாபகம் வந்தார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறார். அப்போது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து மடிக்கும் ஒரு லோண்டரியில் வேலை. மன்னாரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு ஊர் வாயையும் சேர்த்துக்கொண்டு லண்டனுக்கு வந்தவர். வேலை உடுப்போடு வரச் சொன்னேன். "படம் எடுக்கிறதெண்டா சீலை உடுக்காமல் எப்பிடியடி வாறது? நாலு பேர் பாக்கிறதெல்லோ?" என்று சீலையில் வந்தார். வளைவறை வாசலில், எவ்வளவோ சொல்லியும் கேளாமல், வீட்டுக்குள் நுழைவதுபோலச் சப்பாத்தைக் கழற்றினார். பிளாஸ்டர் தூசி தலைமயிரில் படாமல் இருக்க முந்தானையை இழுத்து முக்காடு போட்டார். லோண்டரியில் மடித்த கட்டில் விரிப்புகளை இரண்டு கையிலும் ஏந்தி நிற்க வேண்டும் என்றதும் அதையும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை, கண்ணூறு படும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

முகத்துக்கு அச்செடுக்கும்போது கண்ணை மூட வேண்டும், வாயை மூட வேண்டும், மூக்குத் துவாரம் மட்டும் திறந்திருக்கும். என் அறிவுக்கு எட்டியவரை சின்னம்மா வாய் மூடி இருந்தது அன்றைக்கு மட்டும்தான். கை, கால், முகம் மூன்றும் அவருடைய உடம்பிலிருந்து அப்படியே வந்தன. சீலையின் மடிப்புகளைக் கம்பி வலையும் பிளாஸ்டர் துணியும் வைத்துக் கட்டி, ஷெஃபின் கத்தியால் சீவிச் சீவிக் கொண்டுவந்தார். முடிந்த உருவத்தைக் காட்சிக்கூடத்தில், பீடம் கீடம் எதுவும் இல்லாமல், வாசலுக்கு நேரே தரையில் நிறுத்தினோம்.

கண்காட்சி தொடங்கிய கிழமையே அந்தச் சங்கதி நடந்தது. அங்கே துப்புரவு வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண் காலையில் கதவைத் திறந்திருக்கிறார். எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு பெண். தலையில் முக்காடு, மூடிய கண், வெறுங்கால், நெஞ்சோடு அணைத்தபடி துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. எங்கள் ஆட்களின் கண்ணுக்கு அது வேறு யாராக இருக்க முடியும்? பாலனைக் கையில் ஏந்திய மாதா. அவர் குனிந்து காலைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய முதல் செய்தி தோர்ண்டன் ஹீத் வரை போய்விட்டது. ஆற்றங்கரையில் ஆரோ வெள்ளைக்கார மனுசி ஒருத்தி சீலை உடுத்த மாதாவின் சுருவம் செய்து வைத்திருக்கிறாளாம்! ஷிப்டுக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் பெண்கள் வந்தார்கள். காலடியில் பூ வைத்தார்கள். பிள்ளைக்கு விசா கிடைக்க வேண்டும் என்றும், ஊரில் காணாமல் போனவர் உயிரோடு இருக்க வேண்டும் என்றும் அந்தக் கால்விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சின்னம்மாவைத் தெரிந்தவர்களும் வந்தார்கள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவரை வாய் மூடிய கோலத்தில் எவர் கண்டது?

ஷெஃபின் தினமும் காலையில், கறுப்புத் துணி மூடிய தன் பழைய முக்காலிக் கமராவோடு வந்து, சிலையின் காலை மட்டும் படம் எடுத்தார். பிளாஸ்டர் கல் மாதிரி அல்ல, கைபட்டால் கரையும். வலது பெருவிரல் முதலில் பழுப்பானது, பிறகு பளபளத்தது, பிறகு தேயத் தொடங்கியது. அவர் சந்தோஷத்தை ஏன் கேட்பான்! காட்சிக்கூட இயக்குனருக்குத்தான் முகம் சுண்டிப்போனது. மெல்லிய குரலில், எப்போதும் மன்னிப்புக் கேட்பவர்போலப் பேசும் மனிதர். ஒரு நாள் நாங்கள் போனபோது சிலையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, தொட வேண்டாம் என்று பலகையும் வைத்திருந்தார். ஷெஃபின் பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டர் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, கயிற்றைக் கறுக்கென்று வெட்டி அவருடைய கையிலேயே கொடுத்தார்.

"பாவம், அவர்களுக்குத் தெரியாது. கடவுள் என்று நினைத்துத் தொடுகிறார்கள்" என்றார் இயக்குனர். பிறகு என் பக்கம் திரும்பி, "அவர்களுடைய மொழியில் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இது ஒரு லோண்டரித் தொழிலாளி என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள்" என்றார். அந்த 'ஒரு லோண்டரித் தொழிலாளி' எனக்குச் சுருக்கென்று குத்தியது. நான் மறுக்கத்தான் வாயெடுத்தேன். ஷெஃபின் தடுத்தார். "சொல். பொய்யால் ஒருவரையும் பிடித்து வைக்க வேண்டாம். ஆனால் உண்மை தெரிந்த பிறகும் அவர்கள் தொட்டால், கயிறு திரும்ப வராது. சம்மதமா?" இயக்குனர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். தான் வென்றுவிட்டதாகவே அவர் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோலியர்ஸ் வுட் பக்கமிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "அடுத்த மாசம் பங்குச் சுவாமியாரைக் கூட்டிவந்து மந்திரிப்பிக்க வேணும்" என்று ஒருவர் சொல்வது கேட்டது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான் தொண்டையைச் செருமினேன். பார்த்தால், கூட்டத்தின் நடுவில், கையில் மெழுகுதிரியும் மல்லிகைச் சரமுமாக, பக்தியோடு வருகிறார் என் சின்னம்மா! கோயில் சங்கத்துப் பெண்கள் சொன்னதைக் கேட்டு, எந்த மாதா, என்ன மாதா என்று தெரியாமலே, அவர்களோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். முன்னால் வந்து, சரத்தை வைக்கக் குனிந்து, நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"யேசு மரி சூசை! உது நானெல்லோ!"

சுவரெல்லாம் எதிரொலித்தது. "எடியே பிள்ளை! என்னடி செய்து வைச்சிருக்கிறியள்? உயிரோட இருக்கிற மனுசிக்குப் பூ வைச்சு மெழுகுதிரி கொழுத்துறியளோ? விசரே உங்களுக்கு?" சனம் சிலையைப் பார்த்தது, சின்னம்மாவைப் பார்த்தது, திரும்பச் சிலையைப் பார்த்தது. "அப்ப கையிலை பாலன் இல்லையே?" என்று யாரோ கேட்டார்கள். "பாலனுமில்லை கீலனுமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பு. நான் லோண்டரியிலை மடிக்கிறது." பெண்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். சிலருக்கு வெட்கம், சிலருக்குக் கோபம். ஒருவர் தான் வைத்த பூவைத் திருப்பி எடுத்துக்கொண்டார். என்ன நடந்தது என்று நான் சொல்லாமலே இயக்குனருக்குப் புரிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றார். ஷெஃபினின் முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு வருடத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

கடைசி வரிசையில், வேலை உடுப்புக்கு மேலே கோட் போட்டபடி ஒரு மன்னார்ப் பெண் நின்றார். ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் வந்தவர்போல. அவர் மெல்ல முன்னால் வந்து, அந்த விரிப்புகளின் மடிப்பைக் கிட்டப்போய்ப் பார்த்தார். "ஓம், உது விரிப்புத்தான். நாலாய் மடிச்சுக் கிடக்கு" என்றார். "நானும் உதைத்தான் நாள் முழுக்க மடிக்கிறன் அக்கா. என்ரை கையும் உப்பிடித்தான் விறைச்சுப் போகும்." பிறகு குனிந்து, சிலையின் வலது பெருவிரலில் கையை வைத்து, அந்தக் கையை முத்தமிட்டார். "தெரிஞ்சுதான் தொடுறன்" என்றார், எவரும் கேட்காமலே.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் இல்லை, சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பூவை எடுத்தவர் திரும்ப வைத்தார். "விடுங்கோடி, எனக்குக் கால் கூசுது" என்று சின்னம்மா சிலையின் பக்கத்தில் நின்று கத்தினார். அப்படிக் கத்திக் கத்தியே அழுதார். நானும் அழுதேன். ஷெஃபினுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, விளங்கவும் தேவையிருக்கவில்லை. கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் அன்று முழுக்க வெளியே எடுக்கவில்லை.

திங்கட்கிழமை போனபோது கயிறு இல்லைத்தான். சிலையைச் சுற்றிக் கண்ணாடி இருந்தது. காப்புறுதிக்காரர்கள் விடமாட்டார்களாம், இயக்குனர் வருந்துகிறாராம், கயிறு என்றுதானாம் பேச்சு, கண்ணாடி என்று பேசவில்லையாம். வாக்கு மாறுகிறவன் எந்த நாட்டிலும் இப்படித்தான் கதைப்பான். ஷெஃபின் சத்தம் போடவில்லை. "அப்படியென்றால் எல்லாவற்றையும் இறக்குங்கள். எல்லாப் பெண்களையும்" என்றார். இயக்குனர் வெலவெலத்துப்போனார். பத்திரிகைக்காரர்கள் வர இருந்தார்கள், ஜேர்மனியிலிருந்து ஒரு பெரிய காட்சிக்கூடம் ஆள் அனுப்ப இருந்தது. "இதற்குப் பிறகு லண்டனில் உங்களுக்கு ஒரு சுவர்கூடக் கிடைக்காது" என்றார். "என் பெண்கள் சுவரில் தொங்குகிறவர்கள் இல்லை" என்றார் ஷெஃபின். அன்றே வான் வண்டியைக் கொண்டுவந்து ஏற்றினோம். கண்காட்சி பாதியில் மூடியது. அஞ்சலி எழுதியவர்கள் 'உடைத்தார்' என்று சொல்வது இதைத்தான்.

இயக்குனர் சொன்னபடியே ஆயிற்று. ஒரு சுவரும் கிடைக்கவில்லை. ஷெஃபின் அதைப்பற்றி ஒருநாள்கூட முனகவில்லை. பேருந்து ஓட்டும் பெண்ணையும் மீன் வெட்டும் பெண்ணையும் அவரவர் வேலைத்தலங்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். சின்னம்மாவின் சிலையைக் கோலியர்ஸ் வுட்டுக்குக் கொண்டுவந்து, "இது உங்களுடையது. வருகிறவர்கள் தொடட்டும்" என்றார். "வீட்டிலை நான் ஒருத்தி நிக்கவே இடம் காணாது, ரெண்டாவதுக்கு எங்கை போறது?" என்று சின்னம்மா புறுபுறுத்தார். ஆனாலும் வாசல் நடையில், சப்பாத்துகள் கழற்றி வைக்கிற இடத்தில் அது நிலைகொண்டது. வந்தவர்கள் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்கள், குனிந்த குனிவில் காலையும் தொட்டார்கள். மாதா என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏன் தொடுகிறார்கள் என்று நான் கேட்டதுமில்லை. சாப்பிட வருகிற நாளெல்லாம் ஷெஃபின் அந்தக் காலைப் படம் எடுத்தார். உடம்பு ஏலாமல் வியன்னாவுக்குத் திரும்பிய பிறகு அந்தப் படங்களைத்தான் வரிசையாக வைத்துக் காட்டினார். இன்று அவருடைய பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது அந்தக் கால்தான். இப்போது சொல்லுங்கள், எதை உடைத்தார்?

போன மாதம் அவருடைய நாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு முழந்தாளிட்டுச் சிலையின் காலைப் பார்த்தார்கள். வலது காலில் விரல் என்று சொல்ல இப்போது ஒன்றுமில்லை, வழுக்கிய ஒரு மேடு மட்டும். சிலையைத் தங்களுக்குத் தர வேண்டும், ஆரம்பத்தில் எடுத்த படங்களைப் பார்த்து விரல்களைத் திரும்பச் செய்வார்கள், கண்ணாடிக்குள் பத்திரமாக வைப்பார்கள் என்றார்கள். சின்னம்மாவுக்கு இப்போது காது மந்தம். நான் குனிந்து தமிழில் சொன்னேன்.

"விரலுக்கு என்னவாம்?"

"பழுதாகிப் போச்சாம், சின்னம்மா."

"பழுதோ? எத்தினை பேர் உதைப் பிடிச்சு அழுதவை. எத்தினை பேரின்ரை பிள்ளையள் உதுக்குப் பிறகு வந்து சேர்ந்தவை. வராத பிள்ளையளின்ரை தாய்மாரும் வந்தவை. அதையெல்லாம் மினுக்கி அழிச்சுப்போட்டுப் புது விரல் வைக்கப் போயினமோ? கொண்டு போறதெண்டா இந்தக் காலோட கொண்டு போகட்டும். கண்ணாடியும் வேண்டாம், கயிறும் வேண்டாம். ஏலாதெண்டா வந்த வழியாலை போகச் சொல்லு."

மொழிபெயர்த்தேன். வந்தவர்களில் பெண்பிள்ளை மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: இப்படியே விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக முழுக்காலும் தேய்ந்துவிடும், ஒருநாள் சிலையே நிற்காது. அதையும் சொன்னேன்.

சின்னம்மா கதிரைக் கையைப் பிடித்து எழும்பி, சிலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே உயரம் இருந்த காலம் போய்விட்டது. இப்போது அவர் கூனிப்போய் அதன் தோளுக்குத்தான் வருகிறார்.

"நானும்தான் தேஞ்சு போறன்" என்றார். "அதுக்கு என்னையும் கண்ணாடிக்குள்ளை வைக்கப் போறியளோ? சொல்லு பிள்ளை. ஒண்டையும் விடாமல் சொல்லு."

நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன்.